மனநல காரணத்துக்காக போர்டு அவுட், "சர்வீஸுக்கு சம்பந்தம் இல்ல"ன்னு டிசெபிலிட்டி பென்ஷன் ரிஜெக்ட். அடுத்து என்ன பண்றது?

பட்டாபிராம்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் இங்க படிக்கிறதோட சரி, இன்னைக்கு வேற வழி தெரியாம எழுதறேன். என் வீட்டுக்காரர் 2007ல ஆர்மில சேர்ந்தார். அப்ப ஆள் நல்லா திடமா இருந்தார், ஊர் கபடி டீம்ல ஆடினவர். 2021ல மனநிலை சரியில்லன்னு மெடிக்கல் போர்டு வச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. போர்டு பேப்பர்ல சிவியர் டிப்ரஷன், 40 பர்சென்ட், ஆயுசுக்கும்னு போட்டிருக்கு. அதே பேப்பர்லயே இந்த வியாதி சர்வீஸால வந்ததும் இல்ல, சர்வீஸால அதிகமானதும் இல்லன்னும் எழுதியிருக்கு. காரணம்னு போட்ட இடத்துல ஒரே ஒரு வரிதான், பீஸ் ஸ்டேஷன்ல, அதாவது சண்டை இல்லாத இடத்துல, ஆரம்பிச்சது, உடம்புவாகு சம்பந்தப்பட்டதுன்னு.

இன்வாலிட் பென்ஷன் மட்டும் வருது, டிசெபிலிட்டி பங்கு கிடையாது. ஃபர்ஸ்ட் அப்பீல் போட்டோம், ரொம்ப நாள் கழிச்சு போன மாசம்தான் பதில் வந்துச்சு, அதுவும் ரிஜெக்ட். மெடிக்கல் போர்டு சொன்னதையே திருப்பி டைப் பண்ணி அனுப்பியிருக்காங்க.

ராத்திரி இன்னமும் கட்டிலை கதவுக்கு நேரா இழுத்துப் போட்டு, செவுத்துல முதுகை சாச்சு உக்காந்துதான் தூங்கறார். பக்கத்துல டபராவோ செருப்போ கீழ விழுந்தா போதும், எழுந்து வாசலுக்குப் போயிடுவார். பொண்ணு ஆறாவது படிக்கிறா, அப்பா தூங்கிட்டா வீட்டுல நடக்கும்போது கொலுசைக் கழட்டி வச்சிட்டுதான் நடக்கிறா. இதெல்லாம் சர்வீஸுக்கு சம்பந்தம் இல்லன்னா வேற எதுக்கு சம்பந்தம்னு எனக்குப் புரியல.

மிலிட்டரி கேன்டீன் பக்கத்துல ஒருத்தர் அரியர்ஸ்ல 30 பர்சென்ட் குடுத்தா எல்லாம் முடிச்சுத் தரேன்னு சொல்றார். செகண்ட் அப்பீல் போடணுமா இல்ல நேரா ட்ரிப்யூனல் (ராணுவத்தினர் வழக்குக்கான தீர்ப்பாயம்) போகலாமா, செலவு எவ்வளவு ஆகும், இவர் கையெழுத்து போட்டா செல்லுமா, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


பழைய சுபேதார், மவுண்ட்:

அம்மா, முதல்ல அந்த 30 பர்சென்ட் ஆளுக்கு ஒரு பேப்பர் கூட குடுக்காதீங்க, ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக்கை கண்ணுல கூட காட்டாதீங்க. இந்த மாதிரி ஆளுங்க எல்லா கேன்டீன் வாசல்லயும் நிக்கறாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். உங்க வீட்டுக்காரருக்கு வியாதி இருக்கா இல்லையாங்கறதுல சண்டையே இல்ல, 40 பர்சென்ட்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. சண்டை முழுக்க அந்த ஒரு வரி காரணத்தோடதான். அதை உடைக்கணும்னா உங்க கையில பேப்பர் இருக்கணும், கண்ணீர் விட்டு எழுதின அப்பீலை எந்த கமிட்டியும் ஏத்துக்காது, நானே நிறைய பார்த்துட்டேன்.

மெடிக்கல் போர்டு ப்ரொசீடிங்ஸுக்கு ஏஎஃப்எம்எஸ்எஃப்-16னு ஒரு ஃபாரம். உங்க கிட்ட இருக்கிறது அதோட முழு காப்பியா இல்ல ரெண்டு பக்க ஜெராக்ஸா பாருங்க. அதுல ஒரு டேபிள் இருக்கும், வியாதி பேர், சர்வீஸால வந்ததா, சர்வீஸால அதிகமானதா, விரிவான காரணம்னு கட்டம் கட்டமா. விரிவான காரணம்னு கட்டத்துக்கே பேர் வச்சிருக்கும்போது அதுல ஒரு வரி மட்டும் எழுதினா அதுவே உங்களுக்கு சாதகம். அதே ஃபாரத்துல இன்னொரு கேள்வி வரும், இந்த வியாதி சர்வீஸ்ல சேர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சான்னு. அதுக்கு அநேகமா இல்லன்னுதான் எழுதியிருப்பாங்க. முன்னாடி இல்ல, சர்வீஸ்லதான் வந்துச்சு, ஆனா சர்வீஸால வரல. அப்ப எதனால வந்துச்சுன்னு அவங்க எழுதியாகணும்ல.

இன்னொரு ஃபாரம் இருக்கு, நிறைய பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. மனநல கேஸுக்கு மட்டும் யூனிட் சிஓ, அதாவது கமாண்டிங் ஆஃபீசர், ஒரு ரிப்போர்ட் எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும், அது ஏஎஃப்எம்எஸ்எஃப்-10. ஆள் எப்படி வேலை பார்த்தான், எப்ப இருந்து மாற ஆரம்பிச்சான், குடும்பத்துல என்ன பிரச்சனை, எல்லாம் அதுல வரும். நல்ல சிஓவா இருந்தா "இவ்வளவு நாள் நல்ல ஜவான், இந்த போஸ்டிங்குக்கு அப்புறம் மாறிட்டான்"னு எழுதியிருப்பார். அந்த ஒரு வாக்கியம் கேஸையே திருப்பிப் போட்டுடும்.

அப்புறம் எந்தெந்த இடத்துல எப்ப இருந்து எப்ப வரைக்கும் போஸ்டிங், அதுல ஃபீல்ட் எது பீஸ் எதுன்னு முழு லிஸ்ட் வேணும். பார்ட் டூ ஆர்டர்னு யூனிட்ல போடற பதிவுல எல்லாம் ஏறியிருக்கும், லீவு உட்பட. எல்லாத்தையும் ரெக்கார்ட் ஆபீஸ்ல ஆர்டிஐ போட்டு கேளுங்க, 10 ரூபாதான் ஃபீஸ், 30 நாள்ல பதில் குடுக்கணும். ஆனா அம்மா, மனு உங்க பேர்ல போடாதீங்க, அவர் பேர்ல அவரே கையெழுத்து போட்டுப் போடட்டும். மெடிக்கல் பேப்பர் சொந்த விவரம், மனைவி கேட்டா கூட மூணாவது ஆள்னு சொல்லி திருப்பி அனுப்புவாங்க.

அவர் எங்கெல்லாம் இருந்தார், அதைக் கொஞ்சம் சொல்லுங்க.


வேளச்சேரி பையன்:

சிஸ்டர் கவலையே படாதீங்க, 2013ல தரம்வீர் சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, சேரும்போது வியாதி இருக்குன்னு ரெக்கார்ட்ல எழுதலன்னா அதுக்கப்புறம் வந்தது எல்லாம் சர்வீஸாலதான்னு எடுத்துக்கணும், இல்லன்னு ப்ரூவ் பண்ண வேண்டியது அவங்க. அந்த ஜட்ஜ்மென்ட்டை டவுன்லோட் பண்ணி மனுவோட வச்சா போதும், நேரா ட்ரிப்யூனல் போயிடுங்க, செகண்ட் அப்பீல் எல்லாம் டைம் வேஸ்ட்.


பாரிமுனை வக்கீல்:

மேல தம்பி நல்ல மனசோடதான் சொல்லியிருக்கார், ஆனா இதை மட்டும் நம்பி போனீங்கன்னா நடுவழியில மாட்டிக்குவீங்க, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

தரம்வீர் சிங் தீர்ப்பு உண்மைதான், இந்த மாதிரி கேஸுக்கு இன்னைக்கும் அதுதான் அஸ்திவாரம். அது வலிப்பு நோய் சம்பந்தப்பட்டது. சேரும்போது உடம்பும் மனசும் நல்லா இருந்துச்சுன்னு எடுத்துக்கணும், மெடிக்கல் போர்டு காரணம் சொல்லாம மறுக்க முடியாது, சந்தேகம் வந்தா அதோட பலன் சிப்பாய்க்குப் போகணும்னு சொல்லுச்சு. அதே வருஷம் வீர்பால் சிங்னு ஒருத்தர் கேஸ், அது ஸ்கிசோஃப்ரீனியா. போர்டு டாக்டர் சொன்னதை கோர்ட்டு கண்ணை மூடிட்டு ஏத்துக்க வேண்டியதில்லன்னு சொல்லி மறுபடி போர்டு வைக்கச் சொன்னாங்க.

ஆனா 2019 அக்டோபர்ல நர்சிங் யாதவ் கேஸ்னு ஒண்ணு வந்துச்சு. அதுவும் ஸ்கிசோஃப்ரீனியாதான், அதுல சிப்பாய் தோத்துட்டார். மனநோயை ஆள் எடுக்கும்போது நடக்கிற சாதாரண டெஸ்ட்ல கண்டுபிடிக்க முடியாது, சர்வீஸ்ல இருக்கும்போது வந்துச்சுங்கறதுக்காகவே சர்வீஸால வந்துச்சுன்னு சொல்லிட முடியாது, கடுமையான இடத்துல போஸ்டிங் இருந்து அதனால மனசு பாதிச்சதுன்னு காட்டறதுக்கு ஆதாரம் எதுவும் இல்லன்னு சொன்னாங்க. அரசு வக்கீல் முதல்ல தூக்கிட்டு வர்றது இந்த தீர்ப்பைத்தான். நீங்க தரம்வீர் சிங்கை மட்டும் வச்சிட்டுப் போனா அவர் நர்சிங் யாதவை எதிர்ல வைப்பார். அப்ப கையில என்ன இருக்குங்கறதுதான் கேள்வி. சுபேதார் ஐயா போஸ்டிங் விவரம் கேட்டது அதுக்குத்தான்.

நல்ல சேதியும் இருக்கு. 2025 மே மாசம் ராஜுமோன் கேஸ்ல, அதுவும் ஸ்கிசோஃப்ரீனியா, சுமார் 9 வருஷ சர்வீஸ்ல வெளிய அனுப்பப்பட்டவர். மெடிக்கல் போர்டு காரணம் எழுதறது சும்மா சடங்கு இல்ல, காரணமே இல்லாத ஒப்பினியனை வச்சு பென்ஷனை மறுக்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. உங்க கேஸ்ல ஒரு வரி காரணம்னு சொல்றீங்களே, அங்க இது நேரடியா பொருந்தும். ஒரு விஷயம் மட்டும் கவனம். அவர் 1998ல வெளிய வந்தவர், அந்தக் காலத்துக்கு 1982 விதிகள். உங்க வீட்டுக்காரர் 2021, அவருக்கு 2008 விதிகள். 2023 செப்டம்பர் 21ல இருந்து வெளிய வர்றவங்களுக்கு வேற புது விதிகளே வந்துடுச்சு. இந்த வித்தியாசத்தை எதிர்த்தரப்பு சொல்லத்தான் செய்வாங்க, அதுக்கு தயாரா போகணும். 2008 விதிலயும் சாதாரணமா சிப்பாயை ப்ரூவ் பண்ணச் சொல்லிக் கேட்கக் கூடாதுன்னுதான் இருக்கு, ரொம்ப வருஷம் கழிச்சு க்ளெய்ம் போட்டாதான் சுமை அவர் மேல வரும். நீங்க உடனே போட்டவங்க.

செகண்ட் அப்பீல் பத்தி. ஃபர்ஸ்ட் அப்பீல் ரிஜெக்ட் லெட்டர் கைக்கு வந்ததுல இருந்து 6 மாசத்துக்குள்ள போடணும், அந்த கவரைத் தூக்கிப் போடாதீங்க, அதுல இருக்கிற போஸ்ட் ஆபீஸ் சீல் தேதி தேவைப்படும். இருக்கிற வழியை எல்லாம் முடிச்சிட்டு வான்னுதான் ட்ரிப்யூனல் சட்டம் 21வது பிரிவு சொல்லுது. அதனால போட்டுடுங்க. போட்டு 6 மாசம் ஆகியும் பதில் வரலன்னா, வரலங்கறதையே காரணமா வச்சு ட்ரிப்யூனலோட சென்னை பெஞ்ச்ல ஓஏ, அதாவது மனு, போடலாம். அந்த 6 மாசத்துல சும்மா உக்காராம ஆர்டிஐ பேப்பர் எல்லாம் சேர்த்துக்கலாம், ஒரு நாள் கூட வீண் போகாது.

ரொம்ப லேட் ஆயிடுச்சேன்னு பயப்பட வேண்டாம். பென்ஷன் மாசா மாசம் வர வேண்டிய காசு, அதனால தாமதத்தை பெரும்பாலும் மன்னிப்பாங்க. ஆனா 2008ல தர்சேம் சிங் கேஸ்ல சொன்னபடி அரியர்ஸ் ஓஏ போட்ட தேதிக்கு முன்னாடி 3 வருஷத்துக்குத்தான் பொதுவா கிடைக்கும். 2021ல வெளிய வந்தவருக்கு தள்ளிப் போற ஒவ்வொரு மாசமும் ஒரு மாச அரியர்ஸ் போச்சுன்னு அர்த்தம்.

எவ்வளவு வரும்னு நீங்க கேக்கல, ஆனாலும் சொல்றேன், ஏன்னா 30 பர்சென்ட் கேக்கறவன் இதைத்தான் சொல்ல மாட்டான். 100 பர்சென்ட் டிசெபிலிட்டிக்கு கடைசி சம்பளத்துல 30 பர்சென்ட், அதுக்குக் கீழ அந்தந்த விகிதத்துல. கடைசி சம்பளம் 40,000னு வச்சுக்கோங்க. 100க்கு 12,000, அப்ப 40க்கு 4,800. ஆனா 50க்குக் கீழ இருக்கிறதை 50னு எடுத்துக்கணும்னு ஒரு ரூல் இருக்கு, ப்ராட் பேண்டிங்னு சொல்லுவாங்க, 2014 டிசம்பர்ல ராம் அவதார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் உறுதி பண்ணது. அப்ப 6,000, அதுக்கு மேல டிஆர், அதாவது பென்ஷனுக்கான அகவிலைப்படி, தனி. மனுவுல ப்ராட் பேண்டிங்கையும் சேர்த்து கேளுங்க, கேக்காம விட்டு அப்புறம் அதுக்குன்னு தனியா இன்னொரு கேஸ் போட்டவங்க இருக்காங்க.

கமிஷன் விஷயம். கேஸ்ல வர்ற பணத்துல பங்கு பேசறது வக்கீலுக்கு பார் கவுன்சில் விதிப்படி தடை. யாராவது அப்படி பேசினா அவர் வக்கீலே இல்ல, இல்ல தப்பான வக்கீல். காசு இல்லன்னா ஹைகோர்ட் வளாகத்துல இருக்கிற மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க. 1987 சட்டம் 12வது பிரிவுல பெண்களுக்கும் மனநலம் பாதிச்சவங்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

கையெழுத்து அவரே போடலாம். டிப்ரஷன்னு ஒரு பேர் ஒட்டினதால மட்டும் ஒருத்தரோட கையெழுத்து செல்லாம போயிடாது. படிச்சு புரிஞ்சு போடற நிலைமையில இருந்தா போதும்.


பட்டாபிராம்வாசி:

சார், ஐயா, ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. அவர் கிட்ட கேட்டு எழுதறேன், சில விஷயம் நானே இன்னைக்குத்தான் கேள்விப்படறேன்.

2016ல இருந்து 2018 வரைக்கும் ஆர்ஆர்ல, அதாவது ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ்ல, காஷ்மீர் குப்வாரா பக்கம் இருந்தார். அங்க இருக்கும்போதுதான் என் மாமியார் தவறிட்டாங்க. இவர் ஒரே பையன், மாமனார் முன்னாடியே இல்ல. ஃபோன் போட்டு சொன்னோம், ஆபரேஷன் நடக்குது, யாரையும் விட மாட்டாங்கன்னு சொன்னார். பெரியப்பா பையன்தான் கொள்ளி வச்சார். இவர் காரியத்துக்குக் கூட வரல, அதுக்கப்புறம் லீவு கிடைச்சு வந்தப்ப வாசல்ல அம்மா உக்கார்ற இடத்தையே பார்த்துட்டு நின்னார், ஒரு சொட்டு அழல. எனக்கு அப்பவே பயம்தான்.

திரும்பிப் போனதும் தூக்கமே இல்லையாம், யூனிட் எம்ஐ ரூம்ல, அதாவது யூனிட் டிஸ்பென்சரில, மாத்திரை குடுத்தாங்களாம். அந்த சமயத்துலயே கூட இருந்த ஒருத்தர் இவர் கண்ணு முன்னாடி அடிபட்டிருக்கார், அதைப் பத்தி மட்டும் பேச மாட்டேங்கறார், நானும் கேக்கல. 2018 கடைசில யூனிட் மாறி பீஸ் ஸ்டேஷன் வந்தார், அங்க ரெண்டு மூணு மாசத்துலயே ஆஸ்பத்திரில சேர்த்துட்டாங்க. அதனாலதான் பீஸ்ல ஆரம்பிச்சதுன்னு எழுதியிருக்காங்க போல.

இதெல்லாம் பிரயோஜனப்படுமா?


பழைய சுபேதார், மவுண்ட்:

அம்மா, பிரயோஜனப்படுமான்னா கேக்கறீங்க. உங்க கேஸே இதுதான்.

மெடிக்கல் போர்டு டாக்டருங்களுக்குன்னு அரசாங்கமே போட்ட கைடு ஒண்ணு இருக்கு, கைடு டு மெடிக்கல் ஆஃபீசர்ஸ், 2002ல வந்தது, 2008ல திருத்தினாங்க. அதுல 54வது பாரா முழுக்க மனநோய்தான். மனநோய் உள்ள இருக்கிற காரணமும் வெளிய இருக்கிற காரணமும் கலந்துதான் வரும்னு அதுலயே ஒத்துக்கறாங்க. எந்தெந்த இடத்துல இருக்கும்போது வந்தா சர்வீஸால வந்ததுன்னு ஒத்துக்கணும்னு வரிசையா சொல்லியிருக்கு. சண்டை நடக்கிற ஏரியா, அதுல தீவிரவாத எதிர்ப்பு ஆபரேஷன் ஏரியாவும் சேர்த்தி, அப்புறம் ஹை ஆல்டிட்யூட், ரொம்ப தனிமையான போஸ்ட், சுனாமி பூகம்பத்துல பிணம் எடுக்கற வேலை, இப்படி. குப்வாரா ஆர்ஆர்னா அது முதல் வகைலயே வந்துடும்.

அடுத்து அதே பாராவுல லீவு விஷயம். டியூட்டி காரணமா லீவு மறுக்கப்பட்டு 3 மாசத்துக்குள்ள மனநோய் வந்தா சர்வீஸால அதிகமானதுன்னு எடுத்துக்கணும், அதுக்கு என்னென்ன சந்தர்ப்பம்னு போட்டிருக்கு. அதுல முதல்லயே வர்றது, ஒரே பிள்ளையா இருந்து தாயோ தகப்பனோ செத்துப் போறது. உங்க வீட்டுக்காரர் ஒரே பையன். இதுக்கு மேல என்ன வேணும்.

அதனால மனு எழுதும்போது வரிசையை மாத்தாதீங்க. வியாதி ஆரம்பிச்சது பீஸ்ல இல்ல, குப்வாராவுல. பீஸ்ல நடந்தது அட்மிஷன் மட்டும்தான். ஃபீல்ட்ல இருக்கும்போது எவன்மா தூக்கம் வரலன்னு போய் படுப்பான், பக்கத்துல இருக்கிறவன் தப்பா நினைப்பான், ப்ரமோஷன் போயிடும், துப்பாக்கியை வாங்கி வச்சிட்டா பல்டன்ல தலை தூக்க முடியாது. பீஸ்க்கு வந்து உடம்பு தளர்ந்தப்பதான் உள்ள இருந்தது வெளிய வரும். இது சர்வீஸ் பண்ண எல்லாருக்கும் தெரியும், போர்டுல உக்கார்ற டாக்டருக்கும் தெரியும், ஆனா ஃபாரத்துல அட்மிஷன் தேதியை ஆன்செட் தேதியா, அதாவது வியாதி ஆரம்பிச்ச தேதியா, போட்டுட்டுப் போயிடறாங்க. எனக்கு கோவம் வர்றது இந்த இடத்துலதான்.

எம்ஐ ரூம் மாத்திரைக்கு ஏதாவது சீட்டு, சிக் ரிப்போர்ட் பதிவு இருக்கான்னு ஆர்டிஐல தேதி போட்டு கேளுங்க. பழசு அழிச்சிட்டோம்னு பதில் வந்தா அந்த பதிலையும் பத்திரமா வைங்க. மாமியாரோட டெத் சர்டிஃபிகேட், ஒரே பையன்னு விஏஓ கிட்ட வாரிசு சர்டிஃபிகேட்டுக்கு வழி கேளுங்க. அந்த சமயம் லீவு கேட்டதுக்கு வாட்ஸ்அப், எதுவா இருந்தாலும் எடுத்து வைங்க. கூட இருந்தவங்க யாராவது ரிட்டயர்டு ஆகியிருந்தா ஒரு அஃபிடவிட் வாங்கலாம், சர்வீஸ்ல இருக்கிறவனை தொந்தரவு பண்ணாதீங்க, அவனுக்கு சிக்கல் ஆகும்.


பாரிமுனை வக்கீல்:

ஐயா சொன்னதுக்கு மேல ஒரே ஒரு வரி. மனுல குப்வாரா வாதத்தை முதல்ல வைங்க, லீவு வாதத்தை மாற்று வாதமா வைங்க, ரெண்டையும் ஒண்ணா குழப்பி எழுதினா அப்பீல் கமிட்டி ரெண்டையும் சேர்த்து ஒரே பதில்ல தள்ளிடும். நர்சிங் யாதவ் கேஸ்ல இல்லாத ஆதாரம் இங்க இருக்குன்னு நாமளே முந்திக்கிட்டு எழுதிடணும், அவங்க எடுக்கட்டும்னு காத்திருக்க வேண்டாம்.


தாம்பரம் அக்கா:

தங்கச்சி, நானும் இதே வழில வந்தவதான், என் வீட்டுக்காரர் ஏர்ஃபோர்ஸ். சட்டம் எல்லாம் அண்ணன்மாருங்க சொல்லிட்டாங்க, நான் வேற ஒண்ணு சொல்றேன்.

ட்ரிப்யூனல் ஒருவேளை மறுபடி மெடிக்கல் போர்டு வைக்கச் சொல்லலாம். அங்க கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி இவர் கிட்ட உக்காந்து பேசுங்க. எங்க வீட்டுக்காரர் போர்டுக்குப் போனப்ப ஷேவ் பண்ணி, ஷூ பாலிஷ் போட்டு, நேரா நிமிர்ந்து உக்காந்து, டாக்டர் தூக்கம் எப்படின்னு கேட்டா "ஃபர்ஸ்ட் க்ளாஸ் சார்"னு சொல்லிட்டு வந்துட்டார். எதிர்ல ஸ்டாரும் அசோக சின்னமும் போட்டவர் உக்காந்திருந்தா இவங்களால முடியலன்னு சொல்ல வராது, அப்படித்தான் பழக்கியிருக்காங்க. அது பொய் இல்ல, கூச்சம். ஆனா பேப்பர்ல அது நல்லா இருக்கார்னு ஏறிடும். அதுக்கப்புறம் நான் எழுதி வச்ச நோட்டைத்தான் டாக்டர் கிட்ட குடுத்தோம். எந்த ராத்திரி எழுந்தார், என்ன சத்தத்துக்கு எழுந்தார், எத்தனை நாள் குளிக்காம இருந்தார், வேலைக்குப் போன இடத்துல ஏன் நின்னார்னு தேதியோட. நீங்க கட்டில் விஷயம், கொலுசு விஷயம் எழுதியிருக்கீங்களே, அதை அப்படியே ஒரு நோட்ல தேதி போட்டு எழுத ஆரம்பிங்க.

சொந்தக்காரங்க பைத்தியம்னு சொல்லுவாங்க. எங்க வீட்டுல பொண்ணு கல்யாணம் பேசும்போது வந்தவங்க அதைக் கேட்டுட்டுப் போனாங்க. அதுக்காக ட்ரீட்மென்ட்டை மறைச்சு வேற பேர்ல காட்டறது, ஊர் விட்டு ஊர் போய் காட்டறது எதுவும் பண்ணாதீங்க. அவர் நாட்டுக்காக போய் வாங்கிட்டு வந்த காயம் அது. காலுல குண்டு பட்டிருந்தா யாராவது மறைப்பாங்களா.


கீழ்ப்பாக்கம் ஸ்டாஃப் நர்ஸ்:

நான் மனநல வார்டுல வேலை பார்க்கிறேன், கேஸ் விஷயம் எனக்கு அவ்வளவு தெரியாது, ட்ரீட்மென்ட் பேப்பர் பத்தி மட்டும் சொல்றேன். இசிஹெச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பாலிக்ளினிக்ல இருந்து ரெஃபரல் வாங்கி ஒரே சைக்யாட்ரிஸ்ட் கிட்ட தொடர்ந்து காட்டுங்க. ஒவ்வொரு விசிட்லயும் டாக்டர் கிட்ட குப்வாரா, லீவு கிடைக்காதது, கூட இருந்தவர் அடிபட்டது, எல்லாத்தையும் ஹிஸ்டரில எழுதச் சொல்லுங்க. டிப்ரஷன்னு ஏற்கனவே போட்டிருக்கு, ஆனா நீங்க சொல்ற அறிகுறி, சத்தத்துக்கு எழுந்திருக்கிறது, கதவைப் பார்த்து தூங்கறது, அந்த சம்பவத்தைப் பத்தி பேசவே மாட்டேங்கறது, இதை எல்லாம் கேட்டா பிடிஎஸ்டி, அதாவது பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற மனநோய், இருக்கான்னு டாக்டர் பார்க்கணும். நான் இருக்குன்னு சொல்லல, அதை டாக்டர்தான் சொல்லணும், ஆனா கேட்டுப் பாருங்க.

இன்னொண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க, அவர் குடிக்கிறாரா? ஏன் கேக்கறேன்னா நிறைய பேர் தூக்கம் வர்றதுக்காக குடிக்க ஆரம்பிச்சு, அப்புறம் பேப்பர்ல குடிதான் முதல் காரணம்னு ஆயிடுது. அப்படி இருந்தா மறைக்காம டாக்டர் கிட்ட எப்ப ஆரம்பிச்சதுன்னு சொல்லுங்க, வியாதி முன்னாடி குடி பின்னாடிங்கற வரிசை எழுத்துல வரணும். மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. ராத்திரில ரொம்ப மோசமா இருந்தாலோ, சாகணும்ங்கற மாதிரி பேசினாலோ 14416க்கு போன் பண்ணுங்க, டெலிமானஸ், தமிழ்ல பேசுவாங்க, காசு கிடையாது. கைல மாத்திரை மொத்தமா கிடைக்காம நீங்க வச்சுக்கோங்க.


பாரிமுனை வக்கீல்:

நர்ஸ் மேடம் சொன்னது ரொம்ப முக்கியம். மது, புகையிலை, போதைப்பொருள் அளவு மீறினதால வந்த பாதிப்புக்கு நஷ்டஈடு கிடையாதுன்னு விதில தனியாவே இருக்கு. போர்டு பேப்பர்ல எங்கயாவது அந்த வார்த்தை எட்டிப் பார்க்குதான்னு ஒருதடவை முழுசா படிங்க.


பட்டாபிராம்வாசி:

குடி இல்ல மேடம், முன்னாடி யூனிட்ல கொஞ்சம் இருந்துச்சாம், வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம் தொடல. பேப்பர்லயும் அந்த மாதிரி எதுவும் இல்ல, இப்பதான் ஒவ்வொரு பக்கமா பார்த்தேன். முன்னாடியே இருந்துச்சாங்கற கேள்விக்கு "நோ"ன்னுதான் எழுதியிருக்காங்க, ஐயா சொன்ன மாதிரியே.

கவர்ல சீல் இருக்கு, தேதி தெரியுது. அவர் கிட்ட எல்லா ரிப்ளையும் படிச்சுக் காட்டினேன். ஆர்டிஐ மனு நானே எழுதறேன்னு பேப்பர் பேனா எடுத்துட்டு உக்காந்திருக்கார். ஐயா, ஒரே மனுவுல எல்லா பேப்பரையும் கேக்கலாமா இல்ல தனித்தனியா போடணுமா?


பழைய சுபேதார், மவுண்ட்:

ரெண்டா போடச் சொல்லுங்கம்மா. மெடிக்கல் பேப்பர், அதாவது 16, 10, எம்ஐ ரூம் பதிவு எல்லாம் ஒரு மனு. போஸ்டிங், லீவு, பார்ட் டூ ஆர்டர் இன்னொரு மனு. ஒண்ணுல ஏதாவது மறுத்தாலும் இன்னொண்ணு தடைபடாது. மேல ஆர்மி நம்பர், ரேங்க், பேர், யூனிட் நாலும் தெளிவா இருக்கணும். ரிஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்பிட்டு ரசீதை அந்தக் கவரோடயே சேர்த்து வைங்க. எழுதி முடிச்சதும் நம்பர், பேரை மறைச்சிட்டு இங்க போடுங்க, அனுப்பறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பார்க்கறேன்.